நெட் போவது யாரால்?

கேள்வி: வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். சாயங்காலமானால் நெட் விட்டு விட்டுப் போகிறது. புகார் செய்தால் "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார்கள். எப்போதெல்லாம் போகிறது என்று தானாகவே குறித்துவைக்க வழி உண்டா? உபுண்டு லேப்டாப் வைத்திருக்கிறேன்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்டு. இருபது வரிக்குள் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (டெர்மினலில் ஓடும் கட்டளைகளின் தொகுப்பு) எழுதினால் போதும். அதில் வேலையெல்லாம் செய்யப்போவது 'பிங்' (ping) கட்டளைதான், ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் தன் நெட்வொர்க்கில் வந்த ஒரு தகராறைக் கண்டுபிடிக்க எழுதிய குட்டி நிரல், இன்றைக்கும் அதற்கு மாற்று தேவைப்படவில்லை.

30 விநாடிக்கு ஒரு தடவை பிங் செய்கிற ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எழுதுங்கள். பலரும் கூகுள் சர்வரின் முகவரியான 8.8.8.8-ஐ மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நெட் போனது அதில் தெரியும், எங்கே அறுந்தது என்பது தெரியாது, உங்கள் சண்டையே அதைப் பற்றித்தானே! அதனால் முதலில் ரூட்டரைத் தட்டுங்கள் (அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), அப்புறம் 8.8.8.8. ரூட்டரே பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையோ கரண்டோ. ரூட்டர் பேசுகிறது, வெளியே போகவில்லை என்றால் லைனைச் சந்தேகிக்கலாம். இரண்டும் பேசியும் எந்தத் தளமும் திறக்கவில்லையா, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) பக்கம் பாருங்கள்.

ஒரு பாக்கெட் (பிங் அனுப்பும் சின்னச் செய்தி) தொலைந்ததற்கெல்லாம் 'போச்சு' என்று எழுதக் கூடாது, தொடர்ந்து மூன்று போனால்தான் கணக்கு. நிலைமை மாறும்போது மட்டும் தேதி, நேரத்தோடு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 2,880 வரி சேர்ந்து நீங்களே படிக்க மாட்டீர்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' (nohup), கடைசியில் '&' போட்டு ஓட்டினால் டெர்மினலை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் லேப்டாப்பை மூடி வைத்தால் அதுவும் சேர்ந்து தூங்கிவிடும், அந்த இடைவெளியை நெட் போனதாக எண்ணிவிடாதீர்கள். முடிந்தால் கேபிளில் இணைத்துச் சோதியுங்கள்.

நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட், நெட் போனதும் எனக்கு மெயில் அனுப்பும். ஏன் ஒரு மெயில்கூட வரவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்! சரி, அதைத் திருத்திய பிறகு வந்த பதிவைப் பார்த்தால், தினமும் ஏழு மணி வாக்கில் இரண்டு நிமிஷம் ரூட்டரே காணாமல் போயிருந்தது. கொசுவுக்கான லிக்விட் மெஷினை வீட்டில் அந்த நேரத்தில்தான் செருகுவார்கள், அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். பக்கத்தில் லூஸாக இருந்த ரூட்டர் அடாப்டர் அதில் ஒரு ஆட்டம் ஆடி அணைந்து மறுபடி எரியும். அதற்குள் நான் கஸ்டமர் கேரில் மூன்று முறை கத்தி முடித்திருந்தேன்.