ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர்: விமான நிலைய வானிலை, கேள்வி பதில்

விமான நிலைய வானிலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். அந்த வேலை பற்றி வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊரை முன்னால் போட்டு, எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதுகிறேன்.

தக்கலை: அண்ணாச்சி, கருவிதான் எல்லாம் அளக்குதே, விமான நிலையத்தில் வானிலை பார்க்க ரெண்டு பேர் போதாதா?

போதாது. ஒரு நாற்காலியை இரவு பகலாகக் காலி விடாமல் வைத்திருக்க வாரத்துக்கு 168 மணி நேரம் வேண்டும். ஒருவர் 48 மணி நேரம் பார்த்தாலும் மூன்றரை ஆள். லீவு, காய்ச்சல், பயிற்சி சேர்த்தால் ஐந்து. ஆள் குறைந்தால் யாராவது இரட்டை ஷிப்ட் பார்ப்பார், விடியற்காலம் மூன்று மணிக்குக் கண் சொக்கும். வளைகுடாவிலிருந்து திருவனந்தபுரம் வரும் விமானங்கள் பலவும் அந்த நேரத்தில்தான் இறங்கும்.

குளச்சல்: சனிக்கிழமை துபாய் விமானம் நேரத்துக்குப் போகுமா சார்?

விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

மார்த்தாண்டம்: போனிலேயே மழை வருமான்னு தெரியுது. ஆள் எதற்கு?

போன் சொல்வது ஊருக்கு மழை வருமா என்பதை. விமானிக்கு வேண்டியது ஓடுபாதையில் காற்று எந்தப் பக்கம், மேகத்தின் அடி எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. அரை மணிக்கு ஒரு அறிக்கை போகும். இடையில் திடீரென்று மாறினால் தனி அறிக்கை. கருவி தன் தலைக்கு மேலே உள்ளதைத்தான் சொல்லும். கடலுக்கு மேல் கறுத்து வருவதைப் பார்த்துப் பேசுவது ஆள்தான்.

1977 ஏப்ரல் 4, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். சதர்ன் ஏர்வேஸ் நிறுவனத்தின் 242-ஆம் எண் விமானம் கடும் புயல் மழைக்குள் போய், மழையும் ஆலங்கட்டியும் இரண்டு எஞ்சினையும் அணைத்துவிட்டன. நெடுஞ்சாலையில் இறக்க முயன்றபோது நொறுங்கியது, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 72 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே வான்வழிக் கட்டுப்பாட்டு மையங்களில் வானிலையாளர்களை உட்காரவைக்க ஆரம்பித்தார்கள்.

மார்த்தாண்டம் (மறுபடியும்): அது பழைய காலம். இப்போ ராடார் இருக்கு அண்ணாச்சி.

அந்த விமானத்திலும் ராடார் இருந்ததே, தம்பி! பெருமழை முன்னால் நின்றால் ராடார் அலையை அதுவே விழுங்கிவிடும். பின்னால் இருப்பது திரையில் வெறும் இடம் மாதிரி தெரியும். வழி இருக்கிறது என்று நம்பிப் போனார்கள். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் மழையோடு காற்றின் வேகத்தையும் காட்டும் டாப்ளர் ராடார் இருக்கிறது, நல்லது. அந்தப் படத்தைப் படித்து, கட்டுப்பாட்டு கோபுரத்துக்கு ஒரு நிமிஷத்தில் சொல்ல ஆள் வேண்டும்.

ஆரல்வாய்மொழி: எங்க ஊர்க் காற்று திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானத்தைப் பாதிக்குமா?

உங்கள் ஊர்க் கணவாய்க் காற்றை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஓடுபாதைக் காற்றை ஓடுபாதையில்தான் அளக்க வேண்டும்.

கொட்டில்பாடு: ஒக்கி புயல் மாதிரி வந்தால் வள்ளத்துக்கு யார் சொல்வார்கள்?

அது கடல் எச்சரிக்கை, என் பிரிவு இல்லை. மீன்வளத் துறை அலுவலகத்தைக் கேளுங்கள்.

இரணியல்: ஞாயிற்றுக்கிழமை துபாய் விமானம்...

குளச்சல்காரருக்குச் சொன்னதுதான். ஒன்று மட்டும்: இறங்காமல் கொச்சிக்குத் திருப்பினால் கவுண்டரில் சண்டை போடாதீர்கள். யாரோ விழித்திருந்து சொன்னதால் திருப்பியிருக்கலாம்.

குலசேகரம்: மகள் இயற்பியல் படிக்கிறாள். இந்த வேலைக்கு எப்படிப் போவது?

பட்டம் முடிக்கட்டும். இந்திய வானிலைத் துறைக்கு அறிவியல் உதவியாளர்களை பணியாளர் தேர்வு ஆணையம் (SSC) எடுத்திருக்கிறது, அதன் அறிவிப்புகளைப் பாருங்கள். இரவு ஷிப்டுக்குச் சம்மதமா என்றும் மகளிடம் இப்போதே கேளுங்கள்.