'கேட்ச்' என்னும் வினை: துரத்தியதும் பிடித்ததும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'கேட்ச்' என்னும் வினைச்சொல்லின் பொருள்கள் யாவை? அதன் பிறப்பு என்ன? இறந்தகாலத்தில் மட்டும் அது ஏன் 'காட்' என்று மாறுகிறது?

பாளையங்கோட்டையில் ஆங்கிலத் தனிவகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வினையின் பொருள்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, ஏனெனில் நம் 'பிடி' அதனோடு வெகுதூரம் கூடவே நடக்கிறது. பந்தைப் பிடிக்கிறோம், மீனைப் பிடிக்கிறோம், வண்ணார்பேட்டையில் ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடிக்கிறோம். சளி பிடிக்கிறது, வைக்கோற்படப்பில் தீப்பிடிக்கிறது. ஒருவர் சொன்னது விளங்காவிட்டால் 'பிடிபடவில்லை' என்கிறோம். இத்தனை இடத்திலும் ஆங்கிலேயர் 'கேட்ச்' என்றே சொல்வார்கள்.

பிறப்பைப் பார்த்தால், எடுத்தல், பற்றுதல் என்று பொருள்படும் 'கபேரே' என்ற இலத்தீன் வினையே இதன் மூலம். அதன் வழிவந்த பேச்சு வடிவம் ஒன்று வட பிரான்சில் 'கசியே' போலவும், நடுப் பிரான்சில் 'சசியே' போலவும் ஒலித்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் முன்னது 'கேட்ச்' ஆகவும், பின்னது சிறிது காலம் கழித்து 'சேஸ்' ஆகவும் ஆங்கிலத்தில் குடியேறின. பிடிப்பதும் துரத்துவதும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள் என்பது இதனால்தான். நம் 'செவி' கன்னடத்தில் 'கிவி' என்று நிற்பதை அறிந்தவர்களுக்கு, அதிலும் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி இருக்கும் மாவட்டத்தாருக்கு, ககரம் இப்படி நெகிழ்வது வியப்பாக இராது. தொடக்கத்தில் 'கேட்ச்' என்பதற்கே விரட்டுதல், வேட்டையாடுதல் என்ற பொருளும் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் 'ஆட்டைப் பத்திக்கொண்டு போனான்' என்கிறோமே, அந்தப் 'பத்து'தலுக்கு நெருக்கமான பொருள் அது. பின்னர் விரட்டும் வேலையைச் 'சேஸ்' எடுத்துக்கொண்டது. விலைக்கு வாங்குவதைக் குறிக்கும் 'பர்ச்சேஸ்' என்ற சொல்லுக்குள்ளும் அந்தத் துரத்தலே ஒளிந்திருக்கிறது. ஒன்றைத் தேடி அடைதல் என்பதே அதன் பழம்பொருள்.

இனி 'காட்'. பிரெஞ்சிலிருந்து வந்த வினைகள் பெரும்பாலும் 'எட்' ஏற்று ஒழுங்காக இறந்தகாலம் காட்டும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் பற்றுதலுக்கென்றே ஒரு சொந்த வினை இருந்தது; இன்று கதவுத் தாழைக் குறிக்கும் 'லேட்ச்' அதன் எச்சம். அந்த வினையின் இறந்தகாலத்தில் 'அஹ்ட்' என்ற ஒலி வரும். வந்தேறிய 'கேட்ச்' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதோடு நில்லாமல், அதன் இறந்தகால உடையையும் உடுத்திக்கொண்டது. 'கேட்ச்ட்' என்ற வடிவமும் நெடுங்காலம் எழுத்தில் வழங்கியதுதான். ஆகவே மாணவர்கள் அப்படி எழுதும்போது நான் அடித்துத் திருத்துவேனே தவிர, கோபிப்பதில்லை.

'பிடி'யை எல்லா இடத்திலும் நம்பிவிடவும் கூடாது. சினிமா பிடிப்பதற்கும், வாடகை வீடு பிடிப்பதற்கும், சம்பளத்தில் பணம் பிடிப்பதற்கும் 'கேட்ச்' உதவாது. இரவில் ஆச்சிக்குக் கால் பிடித்துவிடும் பையன் ஒருவன் அதையே 'கேட்ச்' போட்டுக் கட்டுரையில் எழுதியிருந்தான். படிக்கும் ஆங்கிலேயர், பேரன் கிழவியின் காலை வாரிவிட்டதாகவே நினைத்திருப்பார்.