அலுமினிய மலை சைக்கிள் ஃப்ரேம்: கேளுங்கள், சொல்கிறேன்

தைவானில் தைச்சுங் பக்கம் ஒரு ஃப்ரேம் ஆலையில் சில ஆண்டுகள் உற்பத்திப் பிரிவில் இருந்தேன். இப்போது சிங்கப்பூரில், துவாஸில் வெல்டிங் சோதிக்கும் வேலை. அலுமினிய ஃப்ரேமை எப்படி வடிவமைக்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கார்பன் என் துறை இல்லை. “எந்த சைக்கிள் வாங்கலாம்” என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

தெம்பனிஸ்: அண்ணே, அப்பாவின் பழைய ஸ்டீல் சைக்கிளில் குழாயெல்லாம் ஒல்லியாக இருக்கும். என் அலுமினிய சைக்கிளில் கீழ்க்குழாய் தண்ணீர் பாட்டில் பருமன். லேசான உலோகம்தானே, ஏன் இத்தனை பெரிசு?

நல்ல கேள்வி. அலுமினியத்தின் எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு. அதன் விறைப்பும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். ஸ்டீல் குழாயின் அதே அளவில் அலுமினியக் குழாய் போட்டால் எடை குறையும், ஆனால் மிதிக்கும்போது ஃப்ரேம் நெளியும். இங்கேதான் விட்டம் கைகொடுக்கிறது. சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்கு, வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் குழாயைப் பெருக்கி, சுவரை மெலிதாக்குவார்கள். 1970-களில் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் மாணவராக இருந்த கேரி க்ளைன் இந்த வழியில் போனார். 1983-இல் கேனன்டேல் நிறுவனம் பருத்த குழாய் ஃப்ரேமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

சுவரை இஷ்டத்துக்கு மெலிதாக்கவும் முடியாது. ஒரு கல் பட்டால் நசுங்கிவிடும். அதனால் குழாயின் இரு முனைகளிலும், அதாவது வெல்டிங் வரும் இடத்தில், சுவர் இரண்டு மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ‘பட்டட்’ குழாய் என்பது இதுதான். வெளியே பார்த்தால் தெரியாது, விரலால் சுண்டினால் நடுவில் சத்தம் மாறும்.

பாசிர் ரிஸ், பாலிடெக்னிக் மாணவி: ஹைட்ரோஃபார்மிங் என்றால் என்ன சார்? என் ஃப்ரேமின் மேல்குழாய் ஒரு பக்கம் சதுரம், மறு பக்கம் முட்டை வடிவம், நடுவில் ஒரு வளைவு வேறு. அச்சில் வார்க்கிறார்களா?

வார்ப்பு இல்லைம்மா. உருண்டைக் குழாயில்தான் தொடங்குகிறார்கள். முதலில் அதைச் சூடாக்கி மென்மையாக்குவார்கள். தேவையான அளவு வளைத்து, இரண்டு பாதியாகத் திறக்கும் எஃகு அச்சுக்குள் வைத்து மூடி, முனைகளை அடைத்து, உள்ளே திரவத்தை மிக உயர்ந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். குழாய் உள்ளிருந்து உப்பி அச்சின் வடிவத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரேயடியாகப் பெரிதாக உப்பவைத்தால் மூலையில் கிழியும். சிக்கலான குழாய்க்கு மறுபடி மென்மையாக்கி, அடுத்த அச்சு.

இதில் அழகை விடப் பலன் பெரிது. ஹேண்டில்பார் திரும்பும் தலைக்குழாயோடு சேரும் இடத்தில் உயரமாகவும், பெடல் அச்சுப் பக்கம் அகலமாகவும் ஒரே குழாயைச் செய்யலாம். வெல்டிங் கோடு நீளும், சுமை பரவும். முன்பு அந்த இடத்தில் ஒட்டுத் தகடு வைத்து வெல்டு செய்வோம். விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தில் தொடங்கும். அச்சுக்குச் செலவு அதிகம் என்பதால் ஆயிரக்கணக்கில் விற்கும் மாடலுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஈசூன்: 6061, 7005, எது நல்லது?

இவை அலுமினியக் கலவை ரகங்களின் எண்கள், இரண்டும் நல்லதுதான். 6061-இல் மெக்னீசியமும் சிலிக்கானும், 7005-இல் துத்தநாகமும் மெக்னீசியமும். வித்தியாசம் வெல்டிங்குக்குப் பிறகு அவற்றை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான். கீழே வரும் பதில்களில் விவரம்.

உட்லண்ட்ஸ்: செஸ்நட் பூங்காவில் குதித்து இறங்கியதில் கீழ்க்குழாயில், தலைக்குழாய்க்குச் சற்றுக் கீழே, மயிரிழை விரிசல். தெரிந்த பட்டறையில் அரை மணி நேரத்தில் ‘டிக்’ வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இதை எல்லோரும் படியுங்கள்.

ஆலையில் ஃப்ரேமை வெல்டு செய்து முடிக்கும்போது அது பாதி ஃப்ரேம்தான். 6061 குழாயில் வெல்டிங் சூடு பட்ட பட்டை தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அதனால் முழு ஃப்ரேமையும் உலையில் ஏற்றி 530 டிகிரி செல்சியஸ் பக்கம் வைத்திருந்து, சட்டென்று தண்ணீரில் குளிரவைப்பார்கள். வெளியே வரும்போது ஃப்ரேம் மெத்தென்று இருக்கும், கோணியும் இருக்கும். இறுகத் தொடங்குவதற்குள் மேசையில் பூட்டி, நெம்புகோல் போட்டு நேராக்க வேண்டும். ஆலையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அளவுகோலைப் பார்ப்பதற்கு முன்பே, நெம்பும் கை ஃப்ரேம் நேராகிவிட்டதைச் சொல்லிவிடும். அப்புறம் 175 டிகிரி பக்கம் பல மணி நேரம் இன்னொரு உலை. அப்போதுதான் மெக்னீசியமும் சிலிக்கானும் நுண்துகள்களாகப் பிரிந்து உலோகத்தை இறுக்குகின்றன. ஸ்டிக்கரில் இருக்கும் ‘டி6’ இந்த முழு வேலையின் பெயர். பேரிங் உட்காரும் துளைகளைக் கடைசியில்தான் கடைவார்கள், உலை எல்லாவற்றையும் கோணலாக்கிவிடும் என்பதால்.

பட்டறையில் இரண்டு உலையும் இல்லை, தண்ணீர்த் தொட்டியும் இல்லை. அவர் போடும் வெல்டிங் கண்ணுக்கு அழகாக இருக்கும். அதை ஒட்டிய குழாய் மென்மையாகிக் கிடக்கும். அதுவும் எங்கே? ஃப்ரேமிலேயே அதிகம் அடி வாங்கும் இடத்தில். அது ஒடிந்தால் முகத்தில்தான் விழுவீர்கள்.

புக்கிட் பாத்தோக்: 7005 நல்லதா 6061 நல்லதா?

மேலே பாருங்கள்.

ஜூரோங், கப்பல் பட்டறை: தம்பி, நான் இருபது வருஷமாக அலுமினியப் படகு வெல்டு பண்ணுகிறேன். எந்தப் படகை உலைக்குள் வைத்தோம்? உப்புத் தண்ணீரில் இன்னும் ஓடுகிறது. நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

அண்ணே, உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் வெல்டு செய்வது பெரும்பாலும் 5083 தகடு. அது உலையில் பலம் பெறும் ரகமே இல்லை. அதன் பலம் கலந்திருக்கும் மெக்னீசியத்திலிருந்து வருவது, வெல்டிங் சூட்டில் கொஞ்சம்தான் போகும். படகை வடிவமைப்பவரும் வெல்டிங்குக்குப் பிந்தைய பலத்தை வைத்தே கணக்குப் போட்டு, அதற்கேற்ற தடிமனில் தகடு கேட்பார். சைக்கிளில் டி6 பலத்தை நம்பித்தான் சுவரை அவ்வளவு மெலிதாக்கியிருக்கிறார்கள்.

ஜூரோங், கப்பல் பட்டறை: சரி, 7005-க்கு என்ன சொல்கிறீர்கள்? அது வெல்டு பண்ணி வைத்தால் தானாகவே இறுகும்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். உண்மை. 7005-க்குத் தண்ணீரில் முக்க வேண்டிய அவசியம் இல்லை, காற்றில் ஆறினாலே போதும். ஒரு மாதம் போல விட்டால் இழந்த பலத்தில் பெரும்பகுதி திரும்பும். ஆலையில் அவசரத்துக்குக் குறைந்த சூட்டு உலையில் வைத்து முடிப்பார்கள். சில தயாரிப்பாளர்கள் 7005-ஐ விரும்பியதற்கு அதுவே காரணம்.

ஆனால் அண்ணே, மூன்று தொந்தரவு. உட்லண்ட்ஸ்காரர் கையில் இருப்பது எந்த ரகம் என்று பெயின்ட்டுக்கு மேலிருந்து உங்களுக்கோ எனக்கோ தெரியாது. இன்றைய மலை சைக்கிளில் 6061 சர்வ சாதாரணம். அடுத்து, விரிசல் உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று முனையைத் தேடி, துளையிட்டு நிறுத்துவீர்களா? மூன்றாவதுதான் முக்கியம். அந்த இடத்தில் சுமை தாங்கவில்லை என்பதால்தான் விரிந்தது. வெல்டிங் அந்தச் சுமையை எடுத்துவிடாது. அடுத்த விரிசல் உங்கள் வெல்டிங்கின் ஓரத்தில் வரும்.

காலாங்: கப்பல் பட்டறை அண்ணன் சொல்வதுதான் சரி. என் மைத்துனர் வெல்டு செய்த ஃப்ரேம் இரண்டு வருடமாக ஓடுகிறது.

எங்கே ஓடுகிறது? சமதளமான ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலா, கரடுமுரடான புக்கிட் தீமா பாதையிலா? சைக்கிளுக்கான சர்வதேச ஐஎஸ்ஓ 4210 தரச் சோதனையில் மலை சைக்கிள் ஃப்ரேமின் முன்முனையை 1,200 நியூட்டன் விசையில் முன்னோக்கியும் 600-இல் பின்னோக்கியும் 50,000 முறை இழுத்துத் தள்ளுவார்கள். மைத்துனரின் ஃப்ரேமை அதில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீலில் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமை இருந்தால் எத்தனை முறை ஆட்டினாலும் களைப்பு சேராது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது, ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறும். “இதுவரை உடையவில்லை” என்பது சான்று ஆகாது.

ஜூரோங், கப்பல் பட்டறை: சரி, கீழ்க்குழாயில் நானும் கை வைக்க மாட்டேன். பாட்டில் மாட்டும் திருகு கழன்ற ஓட்டை, கேபிள் பிடிக்கும் கொக்கி, இதெல்லாம்?

கொக்கியை ஒட்டுங்கள் அண்ணே, வெல்டு வேண்டாம். திருகு ஓட்டைக்கு ரிவெட் நட்டு, அதாவது ஓட்டைக்குள் இறுக்கி உட்காரவைக்கும் மரை, போதும்.

செங்காங்: வெல்டிங் வரிவரியாக மீன் செதில்போல இருந்தால் பலமா, வழவழப்பாக இருந்தால் பலமா?

பார்வையை வைத்துச் சொல்ல முடியாது. வழவழப்பானதில் பெரும்பாலும் இரண்டு சுற்று ஓடியிருக்கும்: முதல் சுற்று உள்ளே ஊடுருவ, இரண்டாவது ஓரத்தை நிரவ. ஓரத்தில் பள்ளம் இல்லாதிருப்பது நல்லது. அதைத் தாண்டி, உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆலையில் அவ்வப்போது ஒரு ஃப்ரேமை அதற்கென்றே அறுப்போம்.

பொங்கோல்: பழைய ஃப்ரேம் வாங்கப் போகிறேன். 6061-ஆ 7005-ஆ பார்த்து வாங்கவா?

ஐயா, அந்த எண்ணை விடுங்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்து, கீழ்க்குழாயின் அடிப்பக்கம் தலைக்குழாய்க்கு அருகே, பெடல் அச்சைச் சுற்றி, சீட் கவ்வியின் கீழே, பின் சக்கரம் பூட்டும் முனைகள் என்று பாருங்கள். பெயின்ட்டில் கோடு தெரிந்தால் நைலான் துணியால் தடவுங்கள். நூல் மாட்டினால் விட்டுவிட்டு வாருங்கள். சீட் கம்பியை உருவிப் பார்க்கக் கேளுங்கள். உருவ வரவில்லை என்றால் வாங்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே வெள்ளைப் பொடி கட்டி இறுகிவிடும். உபின் தீவுக்குப் படகில் போய்வந்து கழுவாமல் வைத்தாலும் இதே கதி. உலோகக் கம்பி என்றால் கிரீஸ் தடவுங்கள். கார்பன் கம்பிக்குப் பிடிப்பு தரும் தனி பேஸ்ட் உண்டு.

அங் மோ கியோ: அலுமினிய ஃப்ரேமில் மோட்டார் கிட் மாட்டலாமா?

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள். நீங்களாக மாட்டிக்கொண்டு சாலைக்கு வரக்கூடாது.

சுவா சூ காங்: என் எடை 95 கிலோ. ஃப்ரேம் தாங்குமா?

தயாரிப்பாளரின் கையேட்டில் எடை வரம்பு போட்டிருக்கும். அதில் சைக்கிளும் பையும் சேர்த்தா என்று பாருங்கள்.

சிராங்கூன்: பின் கியர் மாட்டும் இடத்தில் ஃப்ரேம் ஒடிந்துவிட்டது. இதையாவது வெல்டு செய்யலாமா?

படம் பார்த்தேன். உடைந்தது ஃப்ரேம் இல்லை, கியர் ஹேங்கர். சைக்கிள் விழும்போது ஃப்ரேமுக்குப் பதிலாக ஒடிவதற்கென்றே வைத்திருக்கும் துண்டு அது, ஒன்றிரண்டு திருகில் நிற்கிறது. கழற்றி, உடைந்த துண்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள். ஏகப்பட்ட வடிவங்கள் இருக்கின்றன, மாடல் பெயரை மட்டும் சொன்னால் தவறானதைத்தான் கொடுப்பார்கள்.