கொல்லையும் பூனையும்: கேள்வி பதில்

காவிரிப் படுகையில் வீட்டுத் தோட்டத்தையும் கொல்லையையும் வளர்ப்புப் பூனைகளுக்கு ஏற்பச் சீரமைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, திருவையாற்றில் நெடுங்காலமாகத் தோட்டமும் பூனைகளும் வைத்திருக்கும் அம்மையார் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (கும்பகோணம்): வணக்கம் அம்மா. எங்களுடையது பழைய தெருவீடு. முற்றம், கிணற்றடி, அதன் பின்னே நீண்டு குறுகிய கொல்லை ஆகியவை உள்ளன. இரண்டு பூனைகளுக்காக இதைச் சீர்செய்ய வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைக்குப் போவதற்கு முன் கிணற்றடியிலிருந்து தொடங்குங்கள். கிணற்றின் வாயை இரும்பு வலையால் மூடுங்கள். கைப்பிடிச் சுவரின்மீது நடப்பது பூனைக்கு இயல்பு, அதுவும் மழையில் பாசி படிந்த சுவர் என்றால் சொல்ல வேண்டியதில்லை. அடுத்ததாக, கொல்லைக் கோடியில் அடுக்கிக் கிடக்கும் உடைந்த ஓடு, செங்கல், பழைய விறகு ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். எலி தங்கும் இடத்தைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் நம் பகுதியில் அரிதானவை அல்ல.

இவ்விரண்டும் முடிந்த பிறகு பூனைக்கு வேண்டியவற்றைப் பார்க்கலாம். மேலிருந்து கீழே பார்க்க ஓர் உயரமான இடமும், யாரும் எட்டாத ஒரு மறைவும், நகம் கீற ஒரு மரமும் இருந்தால் அதற்குப் போதும். சுவரில் மூன்றடி, ஐந்தடி உயரங்களில் இரண்டு பலகைகளை அறைந்து, மேல் பலகைக்கு ஓலையால் நிழல் கொடுங்கள். நகம் கீறுவதற்குக் கடையில் விற்கும் குட்டையான கம்பம் உதவாது. பின்னங்காலில் நின்று முன்னங்காலை முழுவதும் நீட்டி, உடல் வளைய இழுத்துக் கீறுவதில்தான் பூனைக்குச் சுகம். ஆகவே கம்பம் மூன்றடிக்குக் குறையக் கூடாது, அசையவும் கூடாது. தரையில் ஊன்றிய கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றி, பிரி தளர்ந்ததும் மாற்றிவிடுங்கள். காய்க்கும் தென்னையின் அடியில் மட்டும் பூனையின் இருக்கையை அமைக்காதீர்கள். மட்டையோ நெற்றோ விழுந்தால் பூனை பிழைக்காது.

கேள்வி (பாபநாசம்): கீரைப் பாத்தியைக் கிளறிக் கழிப்பிடமாக்கிவிட்டது. அடித்தாலும் கேட்பதில்லை.

பதில்: அடிப்பதால் அது உங்களைக் கண்டு பயப்படுமே தவிர, பாத்தியை விடாது. நம் வண்டல் மண் காய்ந்தால் பாறை, நனைந்தால் சேறு. இரண்டிலும் பூனையால் குழி பறிக்க முடியாது. கொல்லை முழுவதிலும் பொலபொலவென்று இருக்கும் ஒரே இடம் நீங்கள் கொத்தி எருவிட்ட கீரைப் பாத்திதான் என்றால், அது வேறு எங்கே போகும்?

ஆகவே அதற்கென ஓர் இடத்தைக் கொடுத்துவிடுங்கள். மூன்றடிக்கு மூன்றடிச் சதுரத்தில் செங்கல் வரம்பு கட்டி, ஓர் அடி ஆழத்துக்குக் களிமண்ணை எடுத்துவிட்டு, அடியில் ஓட்டுச் சில்லும் அதன்மேல் மணலும் நிரப்புங்கள். மணல் விலை கட்டாதென்றால் தேங்காய் நார்க் கழிவைச் சரிபாதி கலக்கலாம். உமிச் சாம்பல் வேண்டாம். தூசி மூக்கில் ஏறும். மேலே கூரை கட்டாயம், இல்லையேல் ஐப்பசியில் அது குட்டையாகிவிடும். பாத்தியைப் பொறுத்தவரை, விதை முளைத்துச் செடி அடர்த்தியாகும் வரை தென்னை ஈர்க்குகளை விரல் நீள இடைவெளியில் செங்குத்தாகக் குத்தி வைத்தால், கால் வைக்க வசதியின்றிப் பூனை விலகிப் போகும்.

கேள்வி (நாகப்பட்டினம்): மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். பூனையை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள்.

பதில்: கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் அஞ்சுவது, கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணிக்காக. அதன் முட்டைகள் பூனையின் மலத்தோடு வெளியேறினாலும், தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாள்கள் ஆகும். எனவே கழிப்பிடத்தை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்வது முதற்காப்பு. மகள் தோட்ட மண்ணைத் தொடுவதாக இருந்தால் கையுறை அணியட்டும்; கீரையை நன்றாக அலசிச் சமையுங்கள், இறைச்சியை முழுவதும் வேகவிடுங்கள். பூனையின் கழிவை எருக்குழியில் சேர்க்காதீர்கள். மகளின் மருத்துவரிடமும் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): எந்தெந்தச் செடிகளை அகற்ற வேண்டும்? பூசைக்கு வைத்த அரளியை வெட்ட மனம் வரவில்லை.

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் நாம் ஆசையாக வளர்க்கும் பலவும் பூனைக்கு ஆகாதவை. முதலிடம் லில்லிக்கு. பூங்கொத்துக் கடைகளில் விற்கும் பெரிய இதழ்களையுடைய லில்லியின் இலை, பூ, மகரந்தம் ஆகியவற்றோடு, அதை வைத்திருந்த குவளையின் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் சிதைத்துவிடும். பூனை அதைக் கடிக்க வேண்டும் என்பதில்லை. உரசிச் செல்லும்போது காவி நிற மகரந்தம் ரோமத்தில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு அது தன்னையே நக்கிச் சுத்தம் செய்யும்போது நஞ்சு உள்ளே போய்விடுகிறது. அறிகுறிக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை அது. நம் குளத்து அல்லி இந்த இனத்தைச் சேர்ந்ததன்று.

அரளியில், செவ்வரளியானாலும் மஞ்சள் அரளியானாலும், எல்லாப் பாகங்களும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. வாசலில் உருளியில் தண்ணீர் நிரப்பி அரளிப் பூவை மிதக்கவிடும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். பூனை அதிலிருந்துதான் முதலில் குடிக்கும். செடியை வெட்ட மனமில்லை என்றால் வாசற்புறம், பூனை போகாத பக்கத்துக்கு மாற்றி நட்டு, கழித்த கிளைகளை உடனே அகற்றிவிடுங்கள். சைகஸ், ஆமணக்கு, மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, சோற்றுக் கற்றாழை ஆகியவையும் ஆகா. பலருக்கு வியப்பாக இருக்கும், கற்பூரவல்லியும் பூனைக்கு வாந்தியையும் பேதியையும் கொடுக்கும்; அதன் வாடை பிடிக்காமல் பெரும்பாலான பூனைகள் ஒதுங்கிவிடுவது நம் நல்ல காலம். உரத்தில் ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டாம்.

அந்த இடங்களில் மல்லிகை, முல்லை, ரோஜா, துளசி ஆகியவற்றைத் தயங்காமல் வைக்கலாம். இறைவனுக்கு முல்லைச் சரம் குறைவானதா என்ன?

கேள்வி (வேதாரண்யம்): பக்கத்து வயலில் செங்காந்தள் பயிரிட்டிருக்கிறார்கள். ஆபத்தா?

பதில்: ஆம். மாநில மலராக இருப்பினும் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் கடும் நஞ்சு உள்ளது. அறுவடைக் காலத்தில் விதை உலர்த்தும் களத்துப் பக்கம் பூனையை விடாதீர்கள்.

கேள்வி (திருவாரூர்): பூனை புல்லைத் தின்று கக்குகிறது. தின்ன விடலாமா? அதற்குப் பிடித்த செடி ஏதேனும் நடலாமா?

பதில்: புல் தின்பதும் எப்போதாவது கக்குவதும் பூனைக்கு இயல்பு. அடிக்கடி கக்கினாலோ சோர்ந்து கிடந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அகன்ற தொட்டியில் கோதுமையையோ நெல்லையோ நெருக்கமாக விதைத்துக் கொடுங்கள். விதைநெல்லில் மிஞ்சியதைப் போடலாமே என்று நினைக்காதீர்கள், பூஞ்சைக்கொல்லி கலந்து நேர்த்தி செய்த விதை அது.

பிடித்த செடி என்றால், நீங்கள் களையென்று பிடுங்கி எறியும் குப்பைமேனிதான். பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. இலையை அது கண்டுகொள்ளாது. வேரோடு பிடுங்கி மண்ணை உதறிப் போட்டால், முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, அதன்மீதே புரளும். சில பூனைகள் அசையாமலும் இருக்கலாம். எப்போதாவது ஒரு செடி போதும். அரைத்து ஊட்டும் வேலையெல்லாம் வேண்டாம்.

கேள்வி (மன்னார்குடி): வீட்டை ஒட்டி வயல். எலிக்கு மருந்து வைக்காமல் முடியாது. பூனையை எப்படிக் காப்பது?

பதில்: எலிமருந்துக் கட்டிகளில் உள்ள புரோமாடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுப்பது, அதைத் தின்ற எலியைப் பூனை தின்றால் நஞ்சு பூனைக்கும் ஏறலாம். உடனே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்து, மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். ஜிங்க் பாஸ்பைடு என்னும் மற்றோர் எலிமருந்து இன்னும் வேகமானது. என் கருத்தில், வீட்டை ஒட்டிய வரப்புகளிலாவது மருந்தை விட்டுத் தஞ்சாவூர்க் கிட்டி வைக்கலாம். வளைத்த மூங்கிலின் விசையால் எலியை அழுத்திப் பிடிக்கும் அந்தப் பொறியில் நஞ்சு இல்லை. ஆனால் குட்டியின் காலோ கழுத்தோ அதில் மாட்டக்கூடும் என்பதால், மாலையில் கிட்டி வைத்ததிலிருந்து காலையில் எடுக்கும்வரை பூனை வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி (வடுவூர்): ஏரிக்குப் பறவைகள் வரும் பருவத்தில் பூனையை வெளியே விடுவது சரியா?

பதில்: சரியன்று. வடுவூர் ஏரி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. பூனை பசிக்காக மட்டும் வேட்டையாடுவதில்லை என்பதால், வயிறு நிறையச் சோறு போட்டாலும் பறவையை விடாது. உங்களுக்கு வலைக் கூடமே ஏற்றது. கொல்லைச் சுவரை ஒட்டிக் குழாய்ச் சட்டம் நிறுத்தி, மேலும் பக்கமும் கம்பிவலை அடித்து, வீட்டுச் சன்னல் வழியாக அதற்குள் போய்வர வழி விடுங்கள். அவ்வளவு செலவு இயலாதென்றால், விடியலிலும் அந்தியிலுமாவது உள்ளே வைத்திருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கொல்லையைப் பினாயில் ஊற்றிக் கழுவுகிறோம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் தடவலாமா?

பதில்: இரண்டும் கூடாது. பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும். சவர்க்காரத் தண்ணீரும் வெயிலும் போதும். நாய் மருந்துகள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொடுத்து உயிரையே எடுத்துவிடும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகில்தானே, பூனைக்குரிய மருந்தை அங்கே கேட்டு வாங்குங்கள். கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் பற்றி அதே நடையில் பேசிவிடுங்கள்.

கேள்வி (சீர்காழி): மழைக்காலத்தில் கொல்லை முழுவதும் தண்ணீர். அப்போது என்ன செய்வது?

பதில்: வழக்கமாகத் தண்ணீர் ஏறும் அளவைச் சுவரில் குறித்து, அதற்கு ஓர் அடி மேலே மரப்பெட்டியை வையுங்கள். வாயில் வடகிழக்கு நோக்கி இருக்கக் கூடாது, சாரல் நேராக அடிக்கும். உள்ளே வைக்கோலைப் பரப்பி, ஈரம் தட்டியதும் மாற்றுங்கள். புயல் அறிவிப்பு வந்துவிட்டால் பெட்டி, பலகை எதையும் நம்பாமல் பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்து, மணல் நிரப்பிய ஒரு தட்டைக் குளியலறையில் வைத்துவிடுங்கள்.