கீசரைச் சோலாரில் ஓட்டலாமா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: "வீட்டில் நான்கு பேர். 25 லிட்டர் கீசர், 2 கிலோவாட். 'இரண்டு சோலார் பேனல் போட்டால் இதே கீசர் வெயிலில் ஓடும், அரசு மானியமும் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். இரண்டு பேனல் சேர்ந்து உச்சி வெயிலில் தருவது சுமார் 1 கிலோவாட். உங்கள் கீசர் கேட்பது 2. நீங்கள் குளிப்பதோ விடியற்காலையில். பேனலில் பிறப்பது ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம்; வீட்டுக்கு வருவது திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. தண்ணீர் சூடானதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கீசரின் தெர்மோஸ்டாட் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்தது. டி.சி.யில் அதன் முனைகள் பிரியும்போது பொறி எளிதில் அணையாது. முனைகள் ஒட்டிக்கொண்டால் கீசர் நிற்காமல் கொதிக்கும். இதையெல்லாம் அந்த மனிதர் சொல்லியிருக்க மாட்டார்.

மானியக் கதைக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் ரூ.78,000. மின்வாரிய இணைப்போடு சேரும் பேனல்களுக்கு மட்டுமே இது. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். நடுவில் ஒருவர் 'வாங்கித் தர' வேலையே இல்லை. பேனல் இல்லாமல் வெயிலிலேயே தண்ணீரைச் சூடாக்கும் சோலார் வாட்டர் ஹீட்டருக்கான மத்திய மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. தரகர்களுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை! வெந்நீருக்கு வெயிலை நேரே பிடிப்பதுதான் மலிவு. அதற்குச் சலுகை இல்லை, பேனலுக்கு உண்டு. இரண்டுக்கும் 'சோலார்' என்றே பெயர் இருப்பதால் ஏமாற்றுவதும் சுலபமாகிவிட்டது.

உங்களுக்குத் தேவை 150 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். அதில் செப்புக் குழாய், கண்ணாடிக் குழாய் என இரண்டு வகை உண்டு. விலை பேசும் முன் ஒன்றைப் பாருங்கள்: குளியலறைக்கு வருவது சிறுவாணிக் குடிநீரா, போர் தண்ணீரா? கோவையில் பல வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி. சிறுவாணித் தண்ணீரைக் குளியலுக்கு விட யாருக்கும் மனம் வராது. ஆகவே ஹீட்டருக்குப் போவது உப்புத் தண்ணீர்தான். செப்புக் குழாய் வகையில் அது நேராக ஓடினால் மெல்லிய குழாய்கள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அந்த வகையே வேண்டுமென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதாகக் கேளுங்கள். அதில் நல்ல தண்ணீர் குழாய்க்குள் மட்டும் சுற்றிவந்து, தொட்டியிலுள்ள போர் தண்ணீரைச் சூடாக்கும். கண்ணாடிக் குழாய் வகையிலும் உப்பு அடியில் தங்கும். ஆனால் குழாயைக் கழற்றிக் கழுவலாம். தண்ணீரைச் சோதிக்காமலே 'எல்லாத் தண்ணீருக்கும் ஒத்துவரும்' என்பவரிடம் வாங்க வேண்டாம். கண்ணாடிக் குழாய் வகையில் பிரஷர் பம்ப்பை நேராக இணைக்கவும் கூடாது.

பழைய கீசரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் வெயில் எட்டிப் பார்க்காவிட்டால் அதுதான் கைகொடுக்கும். சோலார் தொட்டிக்குள்ளேயே மின் ஹீட்டர் வைத்துத் தருவதாகச் சொல்வார்கள். ஆனால் 150 லிட்டரைக் காய்ச்ச சுமார் 6 யூனிட் போகும். கீசரில் ஒரு தொட்டிக்கு 1 யூனிட்தான், வேண்டியவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.