குலுங்கும்போது மட்டும் காரின் விளக்குகள் அணைவது ஏன்?

பேட்டரியைப் புதிதாக மாற்றிய பிறகும், தருமபுரியிலிருந்து சேலம் போகையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டேஷ்போர்டு விளக்குகள் அணைந்து அணைந்து எரிவதாகவும், பட்டறையில் நிறுத்தினால் எந்தப் பழுதும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

விட்டுவிட்டு வரும் பழுதுக்குப் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பே காரணம். தயவுசெய்து அடுத்து, ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குச் செலவு செய்துவிடாதீர்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரையும் காட்டினால் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

என் சந்தேகமெல்லாம் எர்த் வயர் மீதுதான். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த வயர் அது. எஞ்சினை அணைத்து, ஹெட்லைட்டை எரியவிடுங்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மற்றொன்றைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பில் துருவோ தளர்வோ இருக்கிறது. அளக்கும்போதே வயரை ஒருவர் அசைக்கட்டும். எண் துள்ளினால் பழுது அகப்பட்டுவிட்டது. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்குங்கள்.

எண் அசையவில்லையென்றால், ஃபியூஸ் பெட்டியையும் டேஷ்போர்டுக்குப் பின்னுள்ள கனெக்டர்களையும் இதேபோல் அசைத்துப் பார்க்க வேண்டும். சரியாகும்வரை இரவில் அந்த இறக்கத்தில் போகாதீர்கள். ஹெட்லைட்டும் அதே எர்த்தை நம்பி எரியலாம்.