அப்பாவின் 1937 மாரிஸ் கார் மெக்கானிக் ஷெட்டில் மாட்டிக்கொண்டது: போலீஸா, கோர்ட்டா?

கேள்வி: எங்கள் குடும்பத்து 1937 மாரிஸ் எயிட் காரை, பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு மெக்கானிக்கிடம் 2016-ல் அப்பா விட்டார். ஆர்.சி. அப்பா பெயரில். வேலைக்காக 2.5 லட்சம் கொடுத்திருந்தார். 2019-ல் அப்பா இறந்துவிட்டார். பலமுறை கேட்டும் கார் வரவில்லை. இரண்டு வருடம் முன்பு ஆயுத பூஜை சமயத்தில் போனபோது ஷெட் கேட்டைச் சாத்திவிட்டார். ஆனால் அதே காரை ரேலியில் ஓட்டி, மாலை மரியாதையோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார். போன மாதம் வாட்ஸ்அப்பில், “பாக்கி 4 லட்சம் செட்டில் பண்ணிட்டு வண்டியை எடுத்துக்குங்க” என்று அனுப்பினார். கார் 15 லட்சம் பெறும். நம்பிக்கை மோசடி என்று புகார் கொடுக்கப் போகிறேன். நான் ஒரே மகன். அம்மா இருக்கிறார், அக்கா கல்யாணமாகிப் போய்விட்டார். (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: தாத்தா இந்தக் காரில் பெண் பார்க்கப் போனது, அப்பா கடைசி நாட்களில் அதைக் கேட்டது எல்லாம் விரிவாக எழுதியிருந்தீர்கள். இங்கே சுருக்கிவிட்டேன். வழக்குக்கு அதில் ஒரு வரிகூடப் பயன்படாது. ரேலியில் அவர் மாலை வாங்கியதும் அப்படித்தான்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: “தர முடியாது” என்று அவர் எந்தத் தேதியில் சொன்னார்? நம்பி ஒப்படைத்த பொருளைத் திரும்பக் கேட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 3 வருடம். நீங்கள் கேட்டு, அவர் மறுத்த நாளிலிருந்து அது ஓடும். அவகாசம் தாண்டினால் வழக்கு மட்டும் போகாது; அதே சட்டத்தின் 27-ம் பிரிவின்படி காரின்மேல் உங்களுக்கு உள்ள உரிமையே போய்விடும்.

இப்போது உங்கள் கடிதத்தையே பாருங்கள். “பலமுறை கேட்டும் கார் வரவில்லை.” எந்த வருடம், என்ன பதில் சொன்னார் என்று இல்லை. இந்த ஒரு வரியை வக்கீல் நோட்டீஸில் கோபமாகச் சேர்க்கச் சொல்லி, அதனாலேயே தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “2019-லேயே கேட்டு மறுத்தாகிவிட்டது என்று வாதியே எழுதியிருக்கிறார், வழக்கு காலாவதி” என்பார். நடந்ததை மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. “அடுத்த மாதம் முடிச்சுடறேன்” என்பது மறுப்பு ஆகாது, இழுத்தடிப்பு. கேட்டைச் சாத்தியது மறுப்பா என்பது வாதத்துக்கு உரியது. மறுப்புதான் என்று வைத்துக்கொண்டாலே 3 வருடத்தில் 2 போய்விட்டது. அந்தக் கணக்கையே வைத்து நடந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு இருக்கும் நல்ல ஆவணம், நீங்கள் எரிச்சலோடு சொன்ன அந்த வாட்ஸ்அப்தான். பாக்கி கொடுத்துவிட்டு எடுத்துக்கொள் என்றால், கார் உங்களுடையது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், அந்த மெசேஜை அழிக்காதீர்கள்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்பேன். பணம் கொடுத்து, வேலை செய்து, பாக்கித் தகராறு என்றால் ஸ்டேஷனில் “சிவில் மேட்டர்” என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும், அந்த வருடத்தைச் சிவில் கோர்ட் கழித்துத் தராது. வழக்குப் பதிந்தால் இன்னும் மோசம். கார் வழக்குச் சொத்தாகி ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். வாகனங்களை அப்படிப் போட்டுவைக்கக் கூடாது என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. எந்த ஸ்டேஷன் வாசலிலாவது போய்ப் பாருங்கள், தெரியும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். இரண்டு பருவமழை போதும். எஸ்.யூ. கார்புரேட்டர், டைனமோ, ஹெட்லைட் எல்லாம் எப்போது காணாமல் போயின என்று யாருக்கும் தெரியாது. வழக்கு நடக்கும்போதே கோர்ட் தரும் இடைக்கால ஒப்படைப்பில் கார் கைக்கு வந்தாலும், விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, கேட்டபோது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். வழக்கு முடியும்வரை பெயின்ட்கூட அடிக்க முடியாது.

சிவில் வழக்கிலும் ஒரு பொறி உண்டு. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம், நீங்கள் வழக்கில் போடும் மதிப்பில் 3 சதவீதம். 15 லட்சத்துக்கு 45,000 ரூபாய். “பழைய இரும்புதானே, 1 லட்சம் என்று போட்டுவிடலாம்” என்று ஒருவர் யோசனை சொல்வார். 3,000 ரூபாயில் முடியும். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 20 விதி 10-ன்படி, காரைக் கொடு என்று தீர்ப்பளிக்கும் கோர்ட், அது கிடைக்காவிட்டால் கொடுக்க வேண்டிய தொகையையும் எழுதியாக வேண்டும். அங்கே நீங்கள் போட்ட 1 லட்சம் வந்து நிற்கும். கார் கைமாறிவிட்டது என்று சொல்லி அவர் 1 லட்சத்தைக் கட்டிவிட்டுப் போவார். பிறகு யாரிடமும் அழ முடியாது. சரியான மதிப்பைப் போடுங்கள். வழக்கோடு சேர்த்தே, காரைக் கைமாற்றத் தடையும், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பாகங்களைக் குறித்துப் படம் எடுக்க அட்வகேட் கமிஷனரும் (நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல்) கேளுங்கள். கூடவே பழைய வண்டி தெரிந்த ஒருவர் போக வேண்டும். வக்கீலுக்கு அசல் டைனமோ எது, ஒட்டுப்போட்டது எது என்று தெரியாது.

ஒரே மகன் என்பதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு இல்லை. உயில் இல்லையென்றால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் சம பங்கு. மூவரும் சேர்ந்து வாருங்கள், இல்லையேல் அவர்கள் பங்கை எழுதி வாங்குங்கள். உங்களை விட்டுவிட்டு அக்காவிடம் போய் மெக்கானிக் ஒப்பந்தம் போட்டால் என்ன செய்வீர்கள்?

இவ்வளவும் சொன்னபிறகு வெளிப்படையாகச் சொல்கிறேன்: செட்டில் பண்ணுங்கள். ஒப்பந்தச் சட்டம் 170-ம் பிரிவுப்படி, செய்த வேலைக்கு நியாயமான கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் மோசடி என்பது அவருக்குச் சட்டம் தந்த பிடிமானமாக இருக்கலாம். 4 லட்சத்துக்குப் பில் கேளுங்கள். ஷெட் வாடகை என்று சேர்த்திருந்தால் அடித்துவிடுங்கள்; இந்தப் பிரிவு உழைப்புக்கும் திறமைக்கும்தான். 2 லட்சத்தில் முடிந்தால் உங்களுக்கு லாபம். பணமும் காரும் ஒரே நாளில், சேசிஸ் நம்பரோடு எழுத்தில், அட்வகேட் கமிஷனரோடு போகச் சொன்ன, பழைய வண்டி தெரிந்த அதே ஆளைக் கூட வைத்துக்கொண்டு கைமாறட்டும்.

அசல் ஆர்.சி. யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. “ரேலி பர்மிஷனுக்கு” என்று அப்பாவிடம், வண்டியைப் பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30-ல் வெற்றுக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஆபத்து. 2021 விதிகளின்படி 50 வருடம் தாண்டிய கார்களை வின்டேஜ் என்று பதிவுசெய்யலாம். அவர் தன் பெயருக்கு அப்படிப் பதிவுசெய்யும் முன், இறப்புச் சான்றிதழ் நகலோடு மூவரும் கையெழுத்திட்ட ஆட்சேபக் கடிதத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிவிடுங்கள். நோட்டீஸ் அதற்கு அப்புறம் போகட்டும்.